நாற்பதைத் தாண்டிய மாணவியும் நால்வர் குழுவும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் இளங்கலைப் பட்டம் பெற்று வெளிவருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வியாபார நிர்வாகம் படித்தவர். அந்த வகுப்புகளை எட்டிப் பார்த்தால், பத்தொன்பதும் இருபதுமான வாலிபர்களுக்கு நடுவே, காதோரம் நரை கண்ட ஓர் ஆணோ பெண்ணோ ஆபீஸ் உடையைக்கூட மாற்றாமல் நேரே வந்து உட்கார்ந்திருப்பதைக் காணலாம். கல்யாணமோ, பிள்ளைப்பேறோ, பட்டாளச் சேவையோ, கையில் காசில்லாத சங்கடமோ, ஏதோ ஒன்றின் நிமித்தம் இளவயதில் படிப்பை நடுவழியில் நிறுத்தியவர்கள், உத்தியோகத்தில் ஓர் அளவுக்கு மேல் ஏறமுடியாமல் பட்டமில்லாத குறை குறுக்கே நிற்பதைக் கண்ட பிறகு, நாற்பது வயதில் மறுபடியும் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். சேரும்போது உங்களுக்கு எதில் பயம் என்று கேட்டால் கணக்கு என்பார்கள், பரீட்சை என்பார்கள். ஒரு செமஸ்டர் கழித்துக் கேட்டாலோ, கணக்கையும் பரீட்சையையும் எப்படியோ சமாளித்துவிட்டதாகவும், உண்மையில் தங்களை வாட்டியெடுத்தது 'குரூப் ப்ராஜெக்ட்' என்கிற குழுப் பணிதான் என்றும் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள்.

வயது வந்தவர்கள் கல்லூரிக்குத் திரும்புவது அந்நாட்டில் நேற்று முளைத்த வழக்கம் அன்று. இரண்டாவது உலக யுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த 1944-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஒரு சட்டம், பட்டாளத்திலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளும் என்று அறிவித்தது. 'ஜி.ஐ. பில்' என்ற பெயரால் பிரசித்தி பெற்ற அந்தச் சட்டத்தின் அனுகூலத்தால் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிகளில் நுழைந்தார்கள். 1947-இல் அங்கே கல்லூரி மாணவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அவர்களாகவே இருந்தார்கள். மனைவி மக்களோடு தகரக் கொட்டகைகளிலும் தாற்காலிகக் குடியிருப்புகளிலும் வாசம் செய்துகொண்டு, இழந்த காலத்தை மீட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் இரவும் பகலும் படித்த அவர்களுக்கு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இளம் மாணவர்கள் 'பாழாய்ப்போன சராசரி ஏற்றிகள்' என்று பட்டப்பெயர் சூட்டினார்களாம். அன்றைய மனஸ்தாபம் அந்த அளவோடு நின்றது. அவரவர் எழுதிய பரீட்சைக்கு அவரவருக்கு மார்க். இன்று திரும்பி வருகிறவரின் நிலைமை வேறு. அவருடைய மார்க்கில் ஒரு பங்கு, முன்பின் அறியாத மூன்று பேருடைய மார்க்கோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது.

குழுப் பணி நடக்கும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆசிரியர் வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒரு கம்பெனியைக் குறிப்பிட்டு, அதன் பலம், பலவீனம், போட்டியாளர்கள், எதிர்கால வாய்ப்புகள் இவற்றையெல்லாம் ஆராய்ந்து ஓர் அறிக்கை எழுதவும், வகுப்பின் முன்னே படக்காட்சியோடு கால் மணி நேரம் பேசவும் சொல்லுகிறார். அறிக்கைக்கு விழும் மார்க் நால்வருக்கும் பொது. ஏன் இந்த ஏற்பாடு என்று கேட்டால், ஆபீஸில் யாரும் தனியாக வேலை செய்வதில்லை, ஆகவே கூடி வேலை செய்யும் பழக்கத்தைக் கல்லூரியிலேயே கற்பிக்கிறோம் என்று பதில் வருகிறது. 1916-இல் தோன்றி, வியாபாரக் கல்லூரிகளின் தரத்தைப் பரிசீலித்து அங்கீகாரம் வழங்கிவரும் ஏ.ஏ.சி.எஸ்.பி. என்ற சங்கமும், மாணவர் பெறவேண்டிய திறமைகளில் கூட்டு வேலையையும் சேர்த்துத்தான் சொல்லுகிறது. இது வாய்விட்டுச் சொல்லும் காரணம். சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் தனித்தனியாக எழுதச் சொன்னால் ஆசிரியர் நாற்பது அறிக்கைகளைத் திருத்தவேண்டும். குழுவாக எழுதச் சொன்னால் பத்தே பத்து. ஆசிரியர்களும் மனிதர்கள்தாமே.

உதாரணத்துக்கு ஓர் அம்மாளை எண்ணிக்கொள்வோம். சரக்குக் கிடங்கு ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. விடியற்காலையில் புறப்பட்டு, மாலையில் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வீடு திரும்பி, சமைத்து, பரிமாறி, பாத்திரம் ஒழித்து, இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளை கண்ணயர்ந்த பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரந்தான் அவருக்குப் படிப்பு நேரம். அவருடைய குழுவில் இருக்கும் மூன்று வாலிபர்களில் ஒருவன் இரவு பதினொரு மணி வரைக்கும் ஓட்டலில் பரிமாறுகிறான். ஒருத்தி கால்பந்துக் குழுவில் விளையாடுகிறாள். மூன்றாமவனுக்குப் பொழுது விடிவதே நண்பகலில். 'குரூப்மீ' என்ற செய்திச் செயலியில் நால்வரும் கூடும் நேரத்தைப் பற்றி முப்பது நாற்பது செய்திகள் பறந்த பிற்பாடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு ஜூமில் சந்திப்பது என்று முடிவாகிறது. அன்றைக்கும் ஒருவன் வரவில்லை.

அறிக்கையைச் சமர்ப்பிக்கக் கடைசி நேரம் இரவு 11.59 என்று குறித்துவிடுவது அங்கே பெரும்பாலான கல்லூரிகளில் வழக்கம். இந்த 11.59 என்ற குறிப்பு நால்வர் கண்ணிலும் பட்டாலும் நால்வர் மனத்திலும் ஒன்றுபோலப் பதிவதில்லை என்பதில்தான் பாதி வழக்கு அடங்கியிருக்கிறது. வாலிபனுக்கு அது அன்றைக்கு இரவு ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கலாம் என்ற அனுமதி. அந்த அம்மாளுக்கோ, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் மேலதிகாரி நிறுத்திவைத்தாலும் தட்டுக்கெடாதபடி இரண்டு நாள் முன்னதாக முடித்துத் தீரவேண்டும் என்ற எச்சரிக்கை. இருவருமே சோம்பேறிகள் அல்லர். ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் பொதுப் பிரதியைத் திறந்து பார்க்கும் அம்மாளின் கண்ணுக்கு மூன்று வெற்றுப் பக்கங்களே தெரிகின்றன, மனத்தில் மூன்று சோம்பேறிகளின் உருவம் எழுகிறது.

அப்புறம் நடப்பது ஒவ்வொரு செமஸ்டரிலும் நடக்கிற கதைதான். அவரவர் தம் பங்கை எழுதி, கடைசி இரவில் ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டுப்போட்ட அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும்: மூன்று விதமான எழுத்துரு, நான்காம் பக்கத்தில் கம்பெனியின் விற்பனை ஒரு தொகை, ஒன்பதாம் பக்கத்தில் வேறொரு தொகை, ஒன்று போன வருஷத்துக் கணக்கிலிருந்தும் மற்றொன்று அதற்கு முந்திய வருஷத்திலிருந்தும் எடுத்தது, விலையைக் குறைக்கவேண்டும் என்று முன்பாதி யோசனை சொல்ல, உயர்த்தவேண்டும் என்று பின்பாதி முடிவு கட்டுகிறது. கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால், எந்த வாக்கியத்தை யார் எந்த மணிக்கு எழுதினார் என்ற சரித்திரமும் அதற்குள்ளேயே பதிவாகியிருக்கும். உமி கொண்டுவந்து அவலில் பங்கு கேட்டவர் யார் என்பதை ஆசிரியர் விரும்பினால் இரண்டு நிமிஷத்தில் கண்டுகொள்ளலாம். ஆனால் அதைத் திறந்து பார்க்கும் ஆசிரியர் சொற்பம்.

கூட்டத்தோடு சேர்ந்தால் மனிதன் தன் முயற்சியைச் சற்றே தளர்த்திக்கொள்கிறான் என்பது வெறும் வம்புப்பேச்சு அன்று, அளந்து பார்க்கப்பட்ட உண்மை. பிரான்ஸ் தேசத்தில் விவசாயப் பொறியியல் ஆசிரியராக இருந்த மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்பவர், 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி, ஒருவன் தனியாக இழுக்கும்போது எவ்வளவு பலம், பலர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு எவ்வளவு பலம் என்று கருவி வைத்துக் கணக்கெடுத்தார். 1913-இல் பிரசுரமான அவருடைய அட்டவணையின்படி, எட்டுப் பேர் சேர்ந்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் வெளிப்பட்ட பலம் தனியாக இழுத்ததில் பாதியளவே தேறியது. தேரோட்டத்தில் வடம் பிடித்த அனுபவம் உள்ள நம் ஜனங்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய அவசியமில்லை. வடத்தைத் தொட்டுக்கொண்டு நடக்கிற கைகள் எத்தனை, இழுக்கிற கைகள் எத்தனை என்பது தேருக்குத்தான் தெரியும். ரிங்கெல்மன் இதில் பெரும்பகுதியைச் சோம்பல் என்று சொல்லவில்லை, எல்லோரும் ஒரே கணத்தில் இழுக்காததால் ஏற்படும் நஷ்டம் என்றே கருதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குறைவுக்குக் காரணம் சோம்பலா, ஒருங்கிணைப்பின்மையா என்ற சந்தேகத்தைத் தீர்த்துவைத்தவர்கள் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மனோதத்துவ ஆராய்ச்சியாளர்களான லடானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூவர். 1979-இல் வெளிவந்த தம் கட்டுரையில், மாணவர்களைக் கைதட்டவும் கூச்சலிடவும் சொல்லி அந்தச் சப்தத்தை அளந்து பார்த்ததில், இரண்டு பேராகச் சேர்ந்தபோது அவரவர் தனிச் சக்தியில் நூற்றுக்கு 71 பங்கும், நாலு பேராகும்போது 51 பங்கும், ஆறு பேராகும்போது 40 பங்கும்தான் வெளிப்பட்டதாகக் கண்டார்கள். பிறகு, கண்ணைக் கட்டி, காதில் ஒலிக்கருவியை மாட்டி, உண்மையில் தனியாகக் கத்துகிறவரையே கூட்டத்தோடு கத்துவதாக நம்பவைத்துப் பார்த்தபோதும் சப்தம் குறைந்தது. ஆக, குறைவதற்குக் காரணம் ஒருங்கிணைப்புக் கோளாறு மட்டுமல்ல, மனமும்தான் என்று ருசுவாயிற்று. இரண்டு வருஷத்துக்குப் பின் அதே மூவர் செய்த மற்றொரு பரிசோதனைதான் நம் விஷயத்துக்கு முக்கியமானது: கூட்டத்தில் கத்தினாலும் ஒவ்வொருவர் சப்தமும் தனித்தனியே தெரியும் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், தளர்ச்சி ஏறத்தாழ மறைந்தே போயிற்று.

இப்போது அந்த அம்மாளிடம் திரும்புவோம். அவர் என்ன செய்கிறார்? மூன்று வெற்றுப் பக்கங்களைக் கண்டதும் தாமே உட்கார்ந்து எழுதத் தொடங்குகிறார். அவருக்கு இந்தப் பட்டம் ஒரு விளையாட்டு அல்ல. கட்டணத்தில் பாதியைக் கம்பெனி கொடுக்கிறதென்றால், குறிப்பிட்ட மார்க்குக்குக் கீழே போனால் கொடுக்கமாட்டோம் என்பதும் அதன் நிபந்தனையாக இருக்கும். அவர் இப்படித் தாமே எழுதத் தொடங்குவதற்கும் மனோதத்துவத்தில் அத்தாட்சி இருக்கிறது. வேலை முக்கியமானது, கூட இருப்பவர்களோ நம்பத்தகாதவர்கள் என்று ஒருவர் கருதும்போது, அவர் தனியாகச் செய்வதைவிடவும் கூட்டத்தில் அதிகமாக உழைக்கிறார் என்று 1991-இல் மேலே சொன்ன வில்லியம்ஸும், காரௌ என்ற மற்றோர் ஆராய்ச்சியாளரும் எடுத்துக்காட்டினார்கள். மற்றவர்கள் குறைவை ஒருவர் தம் உழைப்பால் நிரப்பிவிடுகிறார். மற்றவர்களுக்கு அது தெரிந்துபோகிறது. அவர்கள் இன்னும் கொஞ்சம் கையைக் கட்டிக்கொள்கிறார்கள்.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அம்மாளைத் தியாகியாகவும் வாலிபர்களைக் குற்றவாளிகளாகவும் வைத்துச் சொல்வார்கள். என்னால் அதற்கு முழுவதும் உடன்பட முடியவில்லை. ஓட்டலில் பரிமாறிவிட்டு நள்ளிரவில் திரும்பும் பையன், தான் எழுதிய இரண்டு பக்கம் காலையில் அடியோடு மாற்றப்பட்டிருப்பதைப் பார்க்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை. அடுத்த முறை எழுதுவானேன் என்று அவன் நினைப்பது நியாயம் அல்லவா? வேலை முழுவதையும் தாமே இழுத்துப் போட்டுக்கொள்கிறவர், வேலை செய்யாதவரைப் போலவே, குழுவுக்குக் கேடு செய்கிறார். ஆனால் அவருடைய கேட்டுக்குக் கடமையுணர்ச்சி என்ற நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது. அங்கே நாற்பது வயதுக்காரரையும் இருபது வயதுப் பையன் பெயர் சொல்லித்தான் அழைக்கிறான். அக்கா என்றோ அம்மா என்றோ கூப்பிட்டு வயதுக்குரிய ஸ்தானத்தை ஒதுக்கித் தருகிற வசதி அந்தச் சமூகத்தில் இல்லை. கூப்பிடும் முறையில் சமம், நடைமுறையில் தாயார்: நினைவூட்டுவது, பிழை திருத்துவது, பிறர் மறந்ததை எடுத்து வைப்பது எல்லாம் அந்த அம்மாள் தலையில் விழுந்துவிடுகிறது. விழுந்ததா, அவரே எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாரா என்பது ஒவ்வொரு குழுவிலும் தனித்தனியே விசாரிக்கவேண்டிய விஷயம்.

குழுப் பணி என்றாலே வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. நான்கு பேரின் வேலை நிஜமாகவே ஒன்றையொன்று பற்றி நிற்கும்படி அமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்க வியாபாரக் கல்லூரிகளில் கடைசி வருஷ மாணவர்கள் பலர் ஆடும் 'கேப்ஸ்டோன்' என்ற கணினி விளையாட்டு நல்ல சாட்சி. கேப்சிம் என்ற நிறுவனம் தயாரித்த அந்த விளையாட்டில் ஆண்ட்ரூஸ், பால்ட்வின், செஸ்டர், டிக்பி, ஈரி, ஃபெரிஸ் என்று ஆறு கம்பெனிகள். எல்லாம் சென்சார் என்னும் உணர்கருவிகளைச் செய்து விற்பவை. ஏகபோகமாக இருந்த ஒரே கம்பெனியை அரசாங்கம் சரிசமமாக உடைத்ததால் பிறந்தவை என்பது கற்பனை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கம்பெனி. ஒரு சுற்று ஒரு வருஷத்துக்குச் சமம். வழக்கமாக எட்டுச் சுற்று. ஆராய்ச்சி ஒருவருக்கு, விற்பனை ஒருவருக்கு, உற்பத்தி ஒருவருக்கு, நிதி ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒட்டுவேலை பலிக்காது. உற்பத்தியைக் கவனிப்பவர் கூலிச் செலவைக் குறைக்க இயந்திரங்களைப் பெருக்கினால், ஆராய்ச்சியைக் கவனிப்பவர் பொருளைத் திருத்தியமைக்கும் காலம் நீண்டுவிடுகிறது. இருவரும் பேசிக்கொள்ளாவிட்டால் புதிய பொருள் ஒரு வருஷம் பிந்திப்போகும். விற்பனைக்காரர் பன்னிரண்டு லட்சம் உருப்படி விற்கும் என்று உற்சாகமாக எழுதிவிட, உற்பத்திக்காரர் அதை நம்பிச் செய்துவைக்க, சந்தையில் எட்டு லட்சமே விலைபோயிற்று என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் நாலு லட்சம் கிடங்கில் தூங்குகிறது, கையில் ரொக்கம் வற்றிப்போகிறது. அப்போது 'பிக் ஆல்' என்ற கற்பனைப் புள்ளி தோன்றி, கம்பெனி மூழ்காதபடி அவசரக் கடன் கொடுத்து, கடும் வட்டி போட்டுவிடுகிறார். அந்த விளையாட்டை ஆடிய மாணவர்கள் எல்லோருக்கும் பிக் ஆலைத் தெரியும். நம் ஊர்க் கந்துவட்டிக்காரரின் ஸ்தானம் அவருக்கு. விற்காத சரக்கின் கனம் எப்படிப்பட்டதென்று வருஷக் கடைசியில் கிடங்குக் கணக்கை முடித்துப் பழகிய அந்த அம்மாளுக்கு ஒருவரும் பாடம் நடத்தவேண்டியதில்லை, முதற் சுற்றிலேயே விற்பனைக்காரரின் கையை அவர் பிடித்து நிறுத்துவார். ஆனால் ஒத்திகைச் சுற்றுகளில் பயமில்லாமல் பத்து விதமாக மாற்றிப் பார்த்து, மலிவுப் பிரிவில் இருந்துகொண்டே லாபம் எடுக்கும் வழியைக் கண்டுபிடிப்பது நண்பகலில் விழிக்கிற அந்தப் பையனாகவும் இருக்கலாம். ஒவ்வொருவர் முடிவும் அவரவர் இலாகாவின் பெயரில் தெரிகிறது. ஓஹையோவில் கத்தினவர்களைப் போல இங்கேயும் மறைந்துகொள்ள இடம் குறைவு.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில் 1965-இல் புரூஸ் டக்மன் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் வகுத்த படிகளைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன: குழு முதலில் உருவாகும், பிறகு கொந்தளிக்கும், அப்புறம் ஒழுங்குக்கு வரும், கடைசியில் செயல்படும். டக்மன் ஆராய்ந்த ஐம்பது கட்டுரைகளில் பெரும்பாலானவை மனநோய் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை என்பதைப் புத்தகங்கள் சொல்லுவதில்லை. கல்லூரிக் குழுவில் கொந்தளிப்பு வருகிறது, வாஸ்தவந்தான். ஆனால் அது வருவது 11.59-க்கு ஒரு மணி நேரம் முன்பு. ஒழுங்குக்கு வர அவகாசம் எங்கே?

ஆபீஸிலும் இப்படித்தானே என்று ஆசிரியர்கள் சொல்லும் சமாதானத்தைக் கேட்டு முதலில் சிரிப்பவர்கள் ஆபீஸில் வேலை செய்யும் மாணவர்களே. ஆபீஸில் குழுவுக்குத் தலைவர் ஒருவரை நியமித்திருப்பார்கள். வராதவனை ஏன் வரவில்லை என்று கேட்க அவருக்கு அதிகாரம் உண்டு. மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு, அதைப் பறிக்கும் சக்தியும் யாரோ ஒருவரிடம் உண்டு. வேலை நேரம் எல்லோருக்கும் ஒன்று. வகுப்பறைக் குழுவில் இவற்றில் எதுவும் இல்லை. நான்கு சமமானவர்களை, அதிகாரமும் ஊதியமும் பொதுநேரமும் இல்லாமல், ஒரே மார்க்கால் கட்டிப்போட்டு, இதுதான் உலகம் என்று சொன்னால் உலகத்தைப் பார்த்தவர்கள் ஒப்புவார்களா? அங்கே கற்பது ஒன்றும் இல்லை என்று சொல்லவில்லை. அதிகாரமில்லாமல் சம்மதம் பெறுவது எப்படி என்பது பெரிய வித்தைதான். ஆனால் அதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டும், தானாக வராது.

பரிகாரங்கள் பல வருஷங்களாகவே தெரிந்தவை. 1970-களின் கடைசியில் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கல்லூரியில் லாரி மைக்கல்சன் என்ற ஆசிரியர், நாற்பது பேராக இருந்த தம் வகுப்பு நூற்றிருபது பேராகப் பெருகியபோது, பிரசங்கத்துக்குத் தாவிவிடாமல், குழு வேலை முழுவதையும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே கொண்டுவந்தார். வீட்டில் தனியாகப் படித்துவரவேண்டும். வந்ததும் தனியாக ஒரு சிறு பரீட்சை, உடனே அதே கேள்விகளுக்குக் குழுவாக ஒரு பரீட்சை. பிறகு எல்லாக் குழுக்களும் ஒரே பிரச்னைக்கு ஒரே நேரத்தில் விடை சொல்லவேண்டும். வெளியே சந்திப்பே தேவையில்லாத இந்த முறை இன்று மருத்துவக் கல்லூரிகள் வரைக்கும் பரவியிருக்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடுகிற மாணவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. வியாபாரக் கல்லூரியில் பிறந்த முறை வியாபாரக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் ஏன் வேரூன்றவில்லை என்று கேட்டால், அதற்காகக் கேள்விகளை முன்கூட்டித் தயாரிப்பது ஆசிரியருக்குப் பெரும் பிரயத்தனம் என்பது ஒரு காரணமாக இருக்கவேண்டும்.

மற்றொரு வழி பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்து நிர்வகிக்கப்படும் 'கேட்மி' என்ற மென்பொருள். மாணவர்கள் எந்தெந்த நேரம் ஓய்வாக இருப்பார்கள் என்று முதலிலேயே கேட்டு, நேரம் பொருந்துகிறவர்களை ஒரே குழுவில் சேர்ப்பது அதன் முதல் உபயோகம். மேலே சொன்ன அம்மாளின் பாதிக் கஷ்டம் அதோடு தீரும். குழுவில் உள்ளவர்கள் ஒருவரையொருவர் ஐந்து அம்சங்களில் மதிப்பிடுவதும், அந்த மதிப்பீட்டின்படி பொது மார்க்கை ஆளுக்கு ஆள் ஏற்றி இறக்குவதும் இரண்டாவது உபயோகம். இதிலும் தந்திரம் உண்டு. மூன்று சிநேகிதர்கள் ஒருவருக்கொருவர் உயர்ந்த மதிப்புப் போட்டுக்கொண்டு, வயது மூத்தவரை மட்டும் தாழ்த்திவிடலாம். அதனால் குழுவுக்குள் கட்சி பிரிந்து மதிப்பிட்டால் அதையும், தம்மைத்தாமே மிகைப்படுத்திக்கொள்கிறவர் யார் என்பதையும் கண்டுபிடித்து ஆசிரியருக்கு ஓர் அடையாளம் காட்டும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

அடையாளம் விழுந்த பிறகு நால்வரையும் கூப்பிட்டு விசாரிக்கவேண்டியவர் ஆசிரியர். அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களில் பாதிக்கு நெருக்கமானவர்கள் இன்று பகுதிநேரக்காரர்கள்; அவர்களில் பலர் ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் ஓடுகிறவர்கள்; விசாரணைக்குச் செலவாகும் மணி நேரம் அந்தக் கூலியில் அடங்காது. பதினைந்தாம் வாரத்தில் விசாரித்தால் மார்க்கைக் குறைக்கலாமே தவிர, குழுவைச் சீர்செய்ய முடியாது. ஆகவே விவரமறிந்த சிலர் ஐந்தாவது ஆறாவது வாரத்திலேயே, மார்க்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு முன்மதிப்பீட்டை நடத்தி, அதன் முடிவை அவரவர் கையில் கொடுத்துவிட்டு, வகுப்பு நேரத்தில் இருபது நிமிஷம் ஒதுக்கி, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று வெளியே போய் நிற்கிறார்கள்.